டயாலிசிஸ் போதும் என்று அப்பா சொன்னால்

கேள்வியின் சுருக்கம்: "அப்பாவுக்கு 73 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். இரண்டரை ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இரண்டு மாதமாக 'போதும், இனி நான் வரவில்லை' என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், எவ்வளவு செலவானாலும் நிறுத்தக் கூடாது என்கிறான். அம்மா எதுவும் சொல்லாமல் அழுகிறார். நிறுத்தினால் எத்தனை நாள் இருப்பார்? நாங்களே கொன்றதாக ஆகிவிடாதா? சட்டச் சிக்கல் வருமா?"

மூன்றில் எளிதானது சட்டம். அதை முதலில் முடித்துவிடுகிறேன். தெளிந்த மனதோடு, விளைவு இன்னதென்று புரிந்துகொண்டு, ஒரு சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று சொல்ல எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பு, கண்ணியமாக இறப்பதையும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் சேர்த்தது. டயாலிசிஸை மறுப்பது தற்கொலை முயற்சி அல்ல. அந்த மறுப்பை மதிக்கும் மருத்துவரும் மகளும் குற்றவாளிகள் அல்லர். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு. அது இந்தியாவில் குற்றம். உங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

இனி மற்றவை. நான் பல ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருந்தேன். இப்போது வீடு தேடிப் போகும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக் குழுவில் இருக்கிறேன். இயந்திரத்தில் பலரை மாட்டியும் விட்டிருக்கிறேன். இனி வேண்டாம் என்றவர்களின் கட்டிலருகிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரை, "போதும்" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உயிர் வாழ்வது போதும் என்று ஆகியிருக்காது. அந்த ஊசி போதும், அந்தப் படிக்கட்டு போதும், அன்று மாலை முழுவதும் துவண்டு கிடப்பது போதும் என்று ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் அப்பாவுக்கு எது போதும் என்று தெரியாமல், தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்களும் அண்ணனும் தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் உங்களுக்கு உள்ளே நடப்பது முழுதாகத் தெரிந்திருக்காது. போனதும் எடை பார்ப்போம். சென்ற முறை இறங்கியபோது இருந்த எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் நீர்தான். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர், ரசம், மோர், சோற்றில் இருந்த ஈரம்கூட அப்படியே தங்கியிருக்கும். பிறகு கையில் உள்ள ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து இரத்தக்குழாய்களை இணைத்த இடம். திரண்டு தடித்த அந்த இரத்தக்குழாயில் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். அந்த அதிர்வு இருந்தால்தான் அன்றைக்கு வேலை நடக்கும். அதில் இரண்டு ஊசிகள், சாதாரண ஊசியைவிட மிகத் தடிமனானவை. நான்கு மணி நேரம், நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். அதற்காக ஒரே அமர்வில் ஏறத்தாழ 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. கையை மடக்கக் கூடாது, புரண்டு படுக்கக் கூடாது.

அவதி பெரும்பாலும் நீரை இழுக்கும் வேகத்தில் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது என்பது பொதுவான வரம்பு. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டரைச் சற்றே தாண்டும். அப்பா நான்கரைக் கிலோ ஏறி வந்து, அத்தனையையும் அதே நான்கு மணி நேரத்தில் எடுத்தால் என்ன ஆகும்? கெண்டைச் சதை முறுக்கிப் பிடிக்கும். இரத்த அழுத்தம் விழும். கண் இருட்டும், கொட்டாவி வரும், வாந்தி வரும். வீட்டுக்குத் திரும்பி மறுநாள் காலை வரை படுக்கைதான். மறுநாள் ஒருநாள் மனிதராக இருப்பார். அதற்கடுத்த நாள் மீண்டும் நாற்காலி. இப்படி இரண்டரை ஆண்டு போனால் நானும் போதும் என்றுதான் சொல்வேன்.

எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இந்த வாரத்தோடு சரி சிஸ்டர், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் சொல்லுங்கள்" என்று வந்து நின்றார். குறிப்பேட்டைப் புரட்டினால், மூன்றில் இரண்டு முறை கடைசி மணி நேரத்தில் அழுத்தம் விழுந்திருக்கிறது. காலையில் இரத்த அழுத்த மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுவிட்டு வந்துவிடுவார், வாத்தியார் அல்லவா. மருத்துவர் அந்த மாத்திரைகளை இரவுக்கு மாற்றினார். நேரத்தை அரை மணி கூட்டினார். திரவத்தின் வெப்பத்தை ஒரு டிகிரி அளவுக்குக் குறைத்தார்; அதில் அழுத்தம் விழுவதும் குறையும், பின்னால் வரும் களைப்பும் குறையும். நாங்கள் அவர் மனைவியிடம் உப்பைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் குடிக்காதே என்று நாள் முழுக்க அதட்டுவதைவிட ஊறுகாய், அப்பளம், கருவாட்டை எடுத்துவிட்டால் தாகமே பாதியாகும். அதன் பிறகும் நீண்ட காலம் அவர் எங்களிடம் வந்தார். கையெழுத்துப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் விடக் கூடாதவை சில உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டில் கிடந்தால் எழுந்து உட்காரவே மலைப்பாக இருக்கும். இரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் சரியாகப் போகின்றனவா, பணத்துக்காக யாராவது ஒன்று விட்டு ஒன்று போடுகிறார்களா என்று பாருங்கள். இரவெல்லாம் உடம்பு அரித்தால் பாஸ்பரஸ் அளவைப் பார்க்க வேண்டும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சோற்றோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் காசுதான் வீண். அரிப்புக்கும் காலில் ஏதோ ஊர்வது போன்ற தவிப்புக்கும் குறைந்த அளவில் கேபாபென்டின் என்ற மாத்திரை பலருக்குக் கேட்கிறது. சிறுநீரக நோயாளிக்கு அதன் அளவு வேறு என்பதால் மருத்துவர் எழுதித்தான் தர வேண்டும். ஊசி வலிக்கு, குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவிக்கொள்ளும் மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது. ஊசி வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படும் வயது 73. அவராகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது மனம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு மருத்துவரீதியான மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிரமம் என்னவென்றால், பசியின்மை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை மூன்றும் சிறுநீரக நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். நான் கவனிப்பது இதைத்தான்: பேரன் வந்தால் முகம் மலர்கிறதா? செய்தித்தாள் படிக்கிறாரா? கிரிக்கெட் பார்க்கிறாரா? டயாலிசிஸ் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும் என்றால் அது ஒரு முடிவு. எதுவுமே வேண்டாம் என்றால் முதலில் மனநல மருத்துவர் பார்க்கட்டும். சிகிச்சைக்குச் சில வாரம் கொடுங்கள். தமிழ்நாட்டில் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. இதற்காக அவரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறோம் என்று அவர் கோபித்துக்கொள்ளக் கூடும். கோபம் நல்ல அறிகுறிதான்.

பிறகு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம்: உங்களுக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம். வாரத்தில் மூன்று நாள் நீங்கள் விடுப்பு எடுப்பது, ஆட்டோ வாடகை, அம்மா முழங்கால் வலியோடு கூட வருவது எல்லாவற்றையும் அவர் நாற்காலியில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு மணி நேரத்தில் வேறு என்ன வேலை? பணம்தான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் உண்டு; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை இலவசமாக்கியது. பணத்துக்காக ஒருவர் உயிரை விட முடிவெடுப்பதும், தெளிந்து வேண்டாம் என்பதும் ஒரே வார்த்தையில் வருகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் "போதும்" நின்றால்? அப்போதுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது, அதற்கு நேர்மையான கணக்கு வேண்டும். மருத்துவரிடம் "எத்தனை நாள் இருப்பார்" என்று கேட்டால் கடவுள் கையில் என்பார். "அடுத்த ஓராண்டுக்குள் அப்பா இறந்துபோனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று கேட்டுப்பாருங்கள். நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. சிறுநீரக மருத்துவர்கள் தங்களுக்குள் பயன்படுத்துவதுதான். ஆச்சரியப்படமாட்டேன் என்று அவர் சொன்னால், பேச்சு வேறு தளத்துக்கு வந்துவிடும்.

டயாலிசிஸ் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது; சர்க்கரை நோய் அரித்த இதயத்தையும் காலின் இரத்தக்குழாய்களையும் மூளையையும் அது தொடுவதில்லை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குள் 58 சதவீதத்தினர் இறந்துவிட்டார்கள். தொடங்குவதற்கு முன் தாமாகச் செய்துகொண்டிருந்த வேலைகளை ஓராண்டுக்குப் பிறகும் அதே அளவில் செய்ய முடிந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. 75 வயதைக் கடந்தவர்களைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பல நோய்கள் சேர்ந்திருந்தவர்களிடம், அதிலும் இதய நோய் இருந்தவர்களிடம், டயாலிசிஸ் செய்துகொண்டதால் கிடைத்த கூடுதல் ஆயுள் ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனால் இவை படுக்கையோடு இருப்பவர்களின், உடல் தளர்ந்தவர்களின் கணக்கு. உங்கள் அப்பா இன்னும் தானே குளித்து, தெருமுனைக் கடைவரை போய் வருகிறார் என்றால் இந்த எண்கள் அவருடையவை அல்ல. ஆறு மாதமாக வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நடக்கிறார், இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, எடை இறங்குகிறது என்றால் அவருடையவைதான்.

அண்ணன் நிச்சயம் எம்.ஜி.ஆரைச் சொல்வார். அந்தத் தலைமுறையே சொல்லும். 1984-இல் சிறுநீரகம் செயலிழந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் அண்ணன் மகளின் சிறுநீரகத்தைப் பெற்றபோது அவருக்கு 67 வயது. திரும்பி வந்து 1987 டிசம்பரில் இறக்கும்வரை முதலமைச்சராகவே இருந்தார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வயது மட்டும் தடையில்லை என்பதற்கு அது சான்றுதான். நெருக்கடி நிலையை எதிர்த்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணோ 1975-இன் இறுதியிலிருந்து டயாலிசிஸில் இருந்துகொண்டே 1977-இல் ஓர் ஆட்சியை மாற்றினார். 1979 அக்டோபர் வரை வாழ்ந்தார். அவர்களுக்கு அந்த ஆண்டுகளில் செய்து முடிக்க வேண்டியது இருந்தது. அப்பாவிடமும் அதைக் கேட்கலாம், பெரிய மனிதர்களைக் காட்டி மிரட்டாமல்.

எப்போது கேட்பது என்பதிலேயே பாதி இருக்கிறது. டயாலிசிஸ் முடித்து ஆட்டோவில் திரும்பும்போது கேட்காதீர்கள். அப்போது எவரும் வேண்டாம் என்பார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். இரண்டு நாள் இடைவெளியில் கழிவும் நீரும் சேர்ந்து மூச்சும் மனமும் கனத்திருக்கும். செவ்வாயோ வியாழனோ, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் மட்டும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு. "நிறுத்திவிடலாமா?" என்று தொடங்கினால் நீங்கள் அதை விரும்புவதாக அவருக்குக் கேட்கும். "தொடர்வீர்கள்தானே?" என்றாலும் பேச்சு அத்தோடு முடியும். இந்த இரண்டரை ஆண்டில் எது மிகக் கொடுமை என்று கேளுங்கள். இந்த வாரம் எந்த நாள் நன்றாக இருந்தது என்று கேளுங்கள். எது நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறார்? பேத்தியின் கல்யாணமா, ஊர்த் திருவிழாவா, வீட்டுப் பத்திரத்தை முடிப்பதா? எது எந்த நிலையிலும் வேண்டாம், ஐ.சி.யூ.வா, வென்டிலேட்டரா, ஒரு காலை எடுப்பதா? நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பலருக்கு யாரும் சொன்னதே கிடையாது. இரண்டு மாதம் வாந்தியெடுத்துக்கொண்டு இருப்போம் என்றோ, மூச்சு முட்டிச் சாவோம் என்றோ தாமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். மௌனமாக இருந்தால் இருக்கட்டும், உடனே நிரப்பாதீர்கள்.

தொடர்வதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே இடமிருக்கிறது. நான் முதலில் சொல்வது கெடு வைத்துப் பார்ப்பது: மேலே சொன்ன மாற்றங்களையெல்லாம் செய்து, ஆறு வாரமோ இரண்டு மாதமோ பார்ப்போம், தானே எழுந்து கொல்லைக்குப் போக முடிகிறதா, டயாலிசிஸ் இல்லாத நாள்களாவது தன்னுடையவையாக இருக்கின்றனவா என்று அவரே சொல்லட்டும், இல்லையென்றால் அவர் சொல்வதைக் கேட்போம். இப்படிப் பேசிவிட்டால் பலர் அந்த இரண்டு மாதத்தை எளிதாகக் கடக்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததாலேயே. ஆனால் கெடு முடிந்ததும் வாக்கு மாறக் கூடாது.

இன்னொன்று, வாரம் இரண்டாகக் குறைத்துக்கொள்வது. இரத்தப் பரிசோதனை எண்களைத் துரத்தாமல், மூச்சுத்திணறல் வராத அளவுக்கு மட்டும் நீரை எடுப்பது. ஆயுள் சற்றுக் குறையலாம் என்று தெரிந்தே செய்வது அது. இந்தியாவில் ஏராளமானவர்கள் பணமில்லாமல் ஏற்கெனவே இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். மூன்றாவது வழி வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, இரண்டு லிட்டர் திரவப் பையை நாளுக்கு மூன்று நான்கு முறை வீட்டிலேயே மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆகும். ஊசி இல்லை, பயணம் இல்லை, ஒரேயடியாக நீரை உறிஞ்சிப் போடும் களைப்பும் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கை சுத்தம்தான் உயிர். அசட்டையாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று வரும். அம்மாவின் கண்பார்வையும் பொறுமையும் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலை அவர் தலையில்தான் விழும்.

இவை எதுவும் வேண்டாம் என்று முடிவானால், இனி என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். சிறுநீர் அறவே பிரியாதவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாள் இருப்பார்கள். சிலர் நான்காம் நாளே போய்விடுவார்கள். இன்னும் ஓரளவு சிறுநீர் பிரிகிறது என்றால் வாரக்கணக்கில், சில வேளை அதற்கும் மேல். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்டு 2006 பிப்ரவரியில் டயாலிசிஸை நிறுத்திவிட்டு, சாவதற்கென்றே ஒரு பராமரிப்பு இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யத் தொடங்கியது. வழியனுப்ப வந்த நண்பர்களோடு மாதக்கணக்கில் அரட்டையடித்து, வீட்டுக்குத் திரும்பி, இன்னொரு புத்தகமும் எழுதிவிட்டு 2007 ஜனவரியில்தான் இறந்தார். இதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கிச் சில வாரமே ஆனவர் அவர். உங்கள் அப்பாவுக்கு இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது. நாளுக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்று ஒருநாள் முழுக்கச் சேர்த்து அளந்து பாருங்கள். அந்த ஓர் அளவு மருத்துவரின் ஊகத்தை நிறையத் திருத்தும்.

முதல் இரண்டு மூன்று நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு பசி போகும், தூக்கம் கூடும். பேச்சுக்கு நடுவே கண் சொருகும். கை கால் லேசாக உதறும். பிறகு எழுப்பினாலும் எழாத தூக்கம். பொட்டாசியம் ஏறி இதயம் தூக்கத்திலேயே நிற்பதும் உண்டு. எல்லாரும் பயப்படுவது நீர் கோத்து மூச்சு வாங்குவதை. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. தலையணையை உயர்த்தி வைப்பது, குடிப்பதைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வது, மூச்சுத் தவிப்புக்கான மருந்தைக் கைவசம் வைத்திருப்பது. மருந்து என்றால் பலருக்கும் மார்ஃபின்தான் நினைவுக்கு வரும். அது உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இவருக்கு அவை தேங்கிக் குழப்பமும் உதறலும் கூடும். ஃபென்டானில், புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகள் இவருக்கு அதைவிடப் பாதுகாப்பானவை. இதை அறிந்த வலி நிவாரணக் குழு நிறுத்துவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும், நான்காம் நாள் ஓடித் தேடக் கூடாது. மாவட்டத்தில் எந்தக் குழு வருகிறது என்று அரசு மருத்துவமனையிலோ அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ விசாரியுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: டிரிப்ஸ். உறவினர் யாராவது வந்து, "வாயில் ஒன்றும் இறங்கவில்லை, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றக் கூடாதா, பட்டினி போட்டா அனுப்புவது" என்பார்கள். தெருவில் உள்ள கிளினிக்கிலிருந்து ஆளும் வந்துவிடும். சிறுநீர் பிரியாதவருக்கு ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலுக்குத்தான் போகும். அமைதியாகப் போயிருக்க வேண்டியவர்கள் அந்த ஒரு பாட்டிலால் மூச்சுத் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள், ஒரு சின்னப் பனிக்கட்டியை வாயில் வையுங்கள். போதும்.

சாப்பாடு வேறு. ஆண்டுக்கணக்காக அவருக்கு மறுத்து வந்ததையெல்லாம் இனி மறுக்க வேண்டியதில்லை. நாங்கள் போய்ப் பார்த்த பெரியவர் ஒருவர், டயாலிசிஸை நிறுத்திய மறுநாள் கேட்டது மாம்பழம். பொட்டாசியம் என்று சொல்லி ஐந்து கோடைக்காலமாக மகன் வீட்டுக்குள்ளேயே வாங்கி வராத பழம். மகன் என் முகத்தைப் பார்த்தார், கொடுங்கள் என்றேன். மருமகள் துண்டு போட்டுத் தட்டில் கொண்டுவந்தார். பெரியவர் துண்டுகளைத் தள்ளிவிட்டுக் கொட்டையை வாங்கிச் சப்பினார், முழங்கைவரை சாறு வழிய.

நிறுத்திய பிறகும் மனம் மாறலாம். மூன்றாம் நாள், "ஒரு தடவை போய் வரலாமா" என்று கேட்டால் கூட்டிப்போங்கள்; கேலி செய்யாதீர்கள், இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்காதீர்கள். ஃபிஸ்டுலா அங்கேயேதான் இருக்கிறது. அப்படி ஒருவர் மாற்றிக்கொண்டால் கதவு திறக்குமா என்று டயாலிசிஸ் பிரிவில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கொன்றதாக ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவின் சிறுநீரகம் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. அன்றே வந்திருக்க வேண்டிய சாவை இயந்திரம் தள்ளிப்போட்டு வந்திருக்கிறது. அதை அவர் உடம்பில்தான் மாட்டுகிறார்கள், அதற்கான விலையையும் அவர்தான் கொடுக்கிறார். நீங்கள் கவனக்குறைவாக இருந்து, வலியையோ மனச்சோர்வையோ பணக்கவலையையோ பார்க்காமல், அவர் சொன்னதைச் சாக்காக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் அது பிழை. அனைத்தையும் பார்த்த பிறகு அவர் சொல்வதைக் கேட்பது வேறு. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. குற்ற உணர்ச்சி எப்படியும் கொஞ்சம் வரும், கடைசிவரை ஐ.சி.யூ.வில் வைத்திருந்த குடும்பங்களுக்கும் அது வருகிறது.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்தான் மிகவும் விடாப்பிடியாக இருப்பார்கள், எல்லா ஊரிலும் இதே கதைதான். அவருக்கு அப்பா இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு முன் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பிய ஆள். வீடியோ அழைப்பில் பத்து நிமிடம் தெம்பாகப் பேசுவதை மட்டும் பார்க்கிறார். வாதாடாதீர்கள், வரச் சொல்லுங்கள். வந்தால் டயாலிசிஸுக்கு அவரே ஒருமுறை கூட்டிப் போகட்டும்; காலை புறப்படுவதிலிருந்து இரவு அப்பா படுக்கும்வரை அவரே உடனிருக்கட்டும். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். அழுவதால் அவருக்குக் கருத்து இல்லை என்று ஆகாது. அப்பா இரவில் என்ன சொல்கிறார் என்று வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

முடிவு எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். அப்பா தெளிவாக இருக்கும்போதே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெறலாம். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் எளிமையாக்கிவிட்டது. அவர் நினைவிழந்த பிறகு அவருக்காக யார் பேசுவது என்பதையும் அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதில் யார் பெயரை எழுதுவது என்பதை அவர் மட்டுமே சொல்லட்டும், அது அண்ணன் பெயராக இருந்தாலும்.

மருத்துவரைப் பார்க்கத் தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வார்டில் நின்றபடி கேட்டால் இரண்டு வரிப் பதில்தான் கிடைக்கும். போகும்போது கடந்த ஒரு மாத டயாலிசிஸ் குறிப்பேடு, ஒவ்வொரு முறையும் ஏறிய எடை இறங்கிய எடை, கடைசி இரத்தப் பரிசோதனை, எல்லா மாத்திரை அட்டைகளும், ஒருநாள் சிறுநீர் அளவு, இத்தனையையும் கொண்டு போங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.